நெகிழிக் கலன்களில் சூடான உணவு

உணவை நெகிழிப் பை, பெட்டி, குவளை போன்றவற்றில் சூடாக நிரப்புவதாலும், அவற்றிலேயே சூடாக்குவதாலும், உறையவைப்பதாலும் உடல்நலத்திற்குத் தீங்கு நேருமா என்பது உலகெங்கும் ஆராயப்பட்டு வரும் ஒரு கேள்வி ஆகும். நெகிழியில் உள்ள சில வேதிப்பொருட்களும் நுண்துகள்களும் சிறிய அளவில் உணவில் கலக்கின்றன என்பது உறுதி செய்யப்பட்ட ஒன்று. எவ்வளவு கலக்கிறது என்பது நெகிழியின் வகை, உணவின் சூடு, தொடர்பில் இருக்கும் நேரம், உணவிலுள்ள எண்ணெய் மற்றும் புளிப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றுள் சூடே முதன்மையான காரணி. உறையவைத்தலைப் பற்றிப் பரவலாக நிலவும் அச்சத்திற்கு வலுவான அறிவியல் அடிப்படை இல்லை.

மேலை நாடுகளில் இக்கேள்வி பெரும்பாலும் நுண்ணலை அடுப்பை முன்னிறுத்தியே பேசப்படுகிறது. தமிழ்நாட்டிலோ நுண்ணலை அடுப்பு இல்லாத வீடுகளே மிகுதி. இங்கு உணவகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் கொதிக்கும் சாம்பார், ரசம், தேநீர் ஆகியவற்றை மெல்லிய நெகிழிப் பைகளில் ஊற்றிக் கட்டித் தருவதே இச்சிக்கலின் முதன்மையான வடிவமாக உள்ளது.

பின்னணி

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை கடையிலிருந்து குழம்போ தேநீரோ வாங்குவோர் வீட்டிலிருந்து தூக்கு அல்லது சொம்பு கொண்டு செல்வது தமிழ்நாட்டில் வழக்கமாக இருந்தது. இட்லி, தோசை முதலியவை வாழை இலை, மந்தாரை இலை ஆகியவற்றில் வைத்துத் தாளில் கட்டப்பட்டன. மெல்லிய பாலிஎத்திலீன் பைகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் இவ்வழக்கம் மாறியது. பேச்சு வழக்கில் 'கவர்' எனப்படும் இப்பைகளில் சாம்பார், சட்னி, தேநீர் என எல்லாமே கட்டப்பட்டன. இலைக்குப் பதிலாக நெகிழித் தாள் அல்லது நெகிழி பூசிய தாள் வந்தது. தட்டைக் கழுவும் வேலையைக் குறைப்பதற்காகத் தட்டின் மேல் நெகிழித் தாளை விரித்து, அதன் மேல் ஆவி பறக்கும் இட்லியை வைக்கும் வழக்கமும் சிறு உணவகங்களில் பரவியது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டுச் சேலை நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்ற நகரம் ஆகும். கைத்தறி நெசவு பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்த தொழில். சேலைக் கணக்கில் கூலி பெறுபவர் தறியை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் வேலை நேரத்தை இழக்கிறார். ஆகவே ஒருவரைக் கடைக்கு அனுப்பித் தேநீரோ சிற்றுண்டியோ வாங்கிவரச் செய்து, இருந்த இடத்திலேயே பகிர்ந்து உண்பது இத்தகைய தொழில் நகரங்களில் இயல்பானது. அரிசி ஆலை, கட்டுமானப் பணி, சந்தை, அலுவலகம் என எங்கும் இதே நிலைதான். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு தேநீர் அருந்துபவருக்கு இக்கேள்வி அன்றாட வாழ்க்கையோடு தொடர்புடையதாகிறது.

பொருள் இடம்பெயர்வு

கலனில் உள்ள பொருள் உணவுக்குள் செல்வது இடம்பெயர்வு எனப்படுகிறது. நெகிழி என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பல்லுறுப்பி ஆகும். இச்சங்கிலிகள் மிகப் பெரியவை. எளிதில் இடம் விட்டு நகர்வதில்லை. ஆனால் இவற்றின் இடையே வினையில் பங்கு கொள்ளாது எஞ்சிய மூலப்பொருள், நெகிழ்வு தருவதற்காகச் சேர்க்கப்படும் நெகிழியாக்கி, நிறமி, வெயிலிலும் வெப்பத்திலும் சிதையாமல் காக்கும் பொருட்கள் எனப் பல சிறிய மூலக்கூறுகள் உள்ளன. நகர்ந்து வெளியேறுபவை இவையே.

நெகிழி ஒரு மூடிய சுவர் அன்று என்பதை வீட்டிலேயே காணலாம். சாம்பார் வைத்த நெகிழிப் பெட்டியில் படியும் மஞ்சள் கறை எவ்வளவு தேய்த்தாலும் முழுமையாகப் போவதில்லை. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் எண்ணெயோடு சேர்ந்து நெகிழியின் உள்ளேயே சென்று தங்கிவிடுவதே இதற்குக் காரணம். உணவிலிருந்து நெகிழிக்குள் ஒரு பொருள் செல்ல இயலும் எனில், நெகிழியிலிருந்து உணவுக்குள்ளும் செல்ல இயலும்.

சூட்டின் பங்கைப் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் முறையோடு ஒப்பிடலாம். பட்டும் ஒரு பல்லுறுப்பியே; இயற்கையில் கிடைக்கும் புரதப் பல்லுறுப்பி. குளிர்ந்த சாயநீரில் தோய்த்தால் பட்டில் சாயம் சரியாக ஏறாது. சாயத் தொட்டியைச் சூடாக்கினால்தான் சாய மூலக்கூறுகள் இழையின் உட்பகுதி வரை செல்லும். வெப்பம் கூடும்போது பல்லுறுப்பிச் சங்கிலிகளின் அசைவு கூடுவதும், அவற்றின் இடையே சிறு மூலக்கூறுகள் விரைந்து நகர்வதும் இதற்குக் காரணங்கள். சாயத் தொட்டியில் சிறு மூலக்கூறு உள்ளே செல்கிறது. சூடான சாம்பார் ஊற்றிய பையில் அது வெளியே வருகிறது. இரண்டிற்கும் அடிப்படை விதி ஒன்றே.

இடம்பெயர்வைக் கூட்டும் காரணிகள் பின்வருமாறு:

• வெப்பநிலை: சூடு கூடக்கூட இடம்பெயர்வு விரைவாகக் கூடுகிறது.
• எண்ணெயும் கொழுப்பும்: நெகிழியில் உள்ள பல சேர்பொருட்கள் நீரைக் காட்டிலும் எண்ணெயில் எளிதில் கரைகின்றன.
• புளிப்பு: புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர் முதலியவை சில நெகிழிகளிலிருந்து பொருட்கள் வெளியேறுவதைக் கூட்டுகின்றன.
• நேரம்: தொடர்பு நீடிக்கும் அளவுக்குக் கலப்பும் கூடுகிறது.
• பரப்பு: சிறிதளவு உணவு பெரும் பரப்பைத் தொட்டிருந்தால் கலப்பின் விகிதம் கூடும். சிறிய பையில் கட்டப்பட்ட சட்னி இதற்கு எடுத்துக்காட்டு.
• கலனின் பழமை: கீறல் விழுந்த, நிறம் மங்கிய, பலமுறை சூடாக்கப்பட்ட கலன்கள் கூடுதலாகத் துகள்களை உதிர்க்கின்றன.

எண்ணெய், புளிப்பு, கொதிநிலைக்கு அண்மையான சூடு ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்த உணவாகச் சாம்பாரைக் குறிப்பிடலாம்.

நெகிழி வகைகளும் வெப்பமும்

கலன்களின் அடிப்பகுதியில் முக்கோணக் குறிக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். இம்முறை 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெகிழித் தொழில் சங்கத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. மறுசுழற்சிக்காக நெகிழிகளை வகை பிரிப்பதே இதன் நோக்கம். இந்த எண் பாதுகாப்புச் சான்று அன்று என்பது குறிப்பிடத்தக்கது.

• 1 - பாலிஎத்திலீன் டெரித்தாலேட்டு: குடிநீர், குளிர்பானப் புட்டிகள். ஏறத்தாழ 70 முதல் 80 °செ வெப்பத்தில் இளகத் தொடங்கும். சூடான நீர்மங்களுக்கு ஏற்றதன்று.
• 2 - உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன்: வாளி, பால் புட்டி, மெல்லிய சரசரக்கும் பைகள். உருகுநிலை ஏறத்தாழ 130 °செ.
• 3 - பாலிவினைல் குளோரைடு: சில வகை ஒட்டும் தாள்கள், குழாய்கள். நெகிழ்வான வகைகளில் நெகிழியாக்கிகள் மிகுதி. சூடான உணவைத் தொடக்கூடாது.
• 4 - குறை அடர்த்திப் பாலிஎத்திலீன்: உணவுப் பைகள், தாள் குவளையின் உட்பூச்சு. உருகுநிலை ஏறத்தாழ 105 முதல் 115 °செ. அதற்கு முன்னரே மென்மையாகிவிடும்.
• 5 - பாலிபுரோப்பிலீன்: உணவகப் பெட்டிகள், நுண்ணலை அடுப்புக்கான கலன்கள், குழந்தைகளின் பால் புட்டிகள். உருகுநிலை ஏறத்தாழ 160 °செ. நெகிழிகளுள் வெப்பத்தைச் சற்றுத் தாங்கக்கூடியது.
• 6 - பாலிஸ்டைரீன்: தெர்மாக்கோல் தட்டுகள், குவளைகள். சூடான, எண்ணெய் மிகுந்த உணவுக்கு ஏற்றதன்று.
• 7 - பிற: பாலிகார்பனேட்டு முதலியன. 20 லிட்டர் குடிநீர்க் குடுவைகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடை, பஜ்ஜி ஆகியவற்றின் மேற்பரப்பு நீரின் கொதிநிலையை விட மிகுந்த சூட்டில் இருக்கக்கூடும். பொரிக்கும் எண்ணெய் பொதுவாக 170 முதல் 180 °செ வரை சூடாக்கப்படுகிறது. எனவே அவற்றை உடனே நெகிழித் தாளில் இடுகையில் தாள் உருகி ஒட்டுவதும் உண்டு.

கவலைக்குரிய பொருட்கள்

பிஸ்பீனால் ஏ

பாலிகார்பனேட்டு, உணவு அடைக்கும் தகரக் குவளைகளின் உட்பூச்சு ஆகியவற்றில் பயன்படும் வேதிப்பொருள் இது. உடலில் ஈஸ்ட்ரோசன் என்னும் இயக்குநீரைப் போலச் செயல்படும் தன்மை இதற்கு உண்டு என்பது 1930களிலேயே அறியப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலிகார்பனேட்டுப் புட்டிகளில் கொதிநீரை ஊற்றியபோது இப்பொருள் 15 முதல் 55 மடங்கு வரை விரைவாக வெளியேறுவதைக் கண்டறிந்தனர். புட்டி புதியதா பழையதா என்பதை விட நீரின் சூடே இதில் பெரிதும் பங்கு வகித்தது. பிஸ்பீனால் ஏ இல்லை என்று விற்கப்படும் சில பொருட்களில் அதற்கு மாற்றாகச் சேர்க்கப்படும் பிஸ்பீனால் எஸ், பிஸ்பீனால் எஃப் ஆகியவையும் இயக்குநீர்ச் செயல்பாடு உடையவையே.

தாலேட்டுகள்

பாலிவினைல் குளோரைடை நெகிழ்வாக்கப் பயன்படும் நெகிழியாக்கிகள். எண்ணெயில் எளிதில் கரைபவை. இவற்றுள் சில, ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிப்பது விலங்கு ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், குடிநீர்ப் புட்டி ஆகியவற்றை நெகிழ்வாக்க இவை தேவைப்படுவதில்லை. 'டெரித்தாலேட்டு' என்னும் பெயரொற்றுமையால் குடிநீர்ப் புட்டிகளில் தாலேட்டு நெகிழியாக்கி உள்ளதாகக் கருதுவது தவறு.

ஸ்டைரீன்

பாலிஸ்டைரீனின் மூலப்பொருள். உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018ஆம் ஆண்டில் இதனை 'மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்னும் 2ஏ பிரிவில் சேர்த்தது. இம்முடிவில் கருதப்பட்ட மனித ஆய்வுகள் பெரும்பாலும் தொழிற்சாலைகளில் இதன் ஆவியை நீண்டகாலம் நுகர்வோரைப் பற்றியவை. தெர்மாக்கோல் குவளையிலிருந்து உணவில் கலக்கும் அளவு அதைவிட மிகக் குறைவு.

மெலமைன்

மெலமைன் தட்டுகளும் கிண்ணங்களும் கண்ணாடி போலக் கடினமாக இருந்தாலும் அவையும் நெகிழியே. தைவானில் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 12 பேர் சூடான நூடுல்சு சாற்றை மெலமைன் கிண்ணத்தில் ஒருமுறையும் பீங்கான் கிண்ணத்தில் ஒருமுறையும் உண்டனர். அடுத்த 12 மணி நேரச் சிறுநீரில் வெளியேறிய மெலமைன் முறையே சராசரியாக 8.35, 1.31 மைக்ரோகிராம் ஆக இருந்தது. மெலமைன் கலன்களை நுண்ணலை அடுப்பில் வைக்கக்கூடாது.

ஆண்டிமனி

குடிநீர்ப் புட்டிகள் செய்கையில் வினையூக்கியாகப் பயன்படும் தனிமம். வெயிலில் கிடந்த புட்டி நீரைப் பற்றிய அச்சம் இதனோடு தொடர்புடையது. 2008ஆம் ஆண்டில் வெளியான அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வின்படி, நீரில் ஆண்டிமனி அமெரிக்க வரம்பான நூறு கோடியில் 6 பங்கை எட்டுவதற்கு 60 °செ வெப்பத்தில் 176 நாட்களும், 70 °செ வெப்பத்தில் 12 நாட்களும், 80 °செ வெப்பத்தில் 2.3 நாட்களும் ஆகும். அதாவது ஒரு பிற்பகல் வெயிலில் இருந்த புட்டி உடனடி நஞ்சாவதில்லை. ஆயினும் சூடு சிறிது கூடினாலும் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை இவ்வெண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

நுண்நெகிழிகள்

5 மில்லிமீட்டரை விடச் சிறிய நெகிழித் துகள்கள் நுண்நெகிழிகள் எனவும், 1 மைக்ரோமீட்டரை விடச் சிறியவை மீநுண்நெகிழிகள் எனவும் அழைக்கப்படுகின்றன.

• 2020ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், பாலிபுரோப்பிலீன் பால் புட்டிகளில் நீரின் வெப்பநிலை 25 °செ ஆக இருந்தபோது லிட்டருக்கு 6 இலட்சம் ஆக இருந்த துகள்கள் 95 °செ ஆகும்போது 5.5 கோடியாகக் கூடியதைக் கண்டனர்.
• அதே ஆண்டில் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், நெகிழி பூசிய தாள் குவளையில் 85 முதல் 90 °செ சூடுள்ள 100 மில்லிலிட்டர் நீர்மம் 15 நிமிடங்கள் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் கலக்கும் எனக் கணக்கிட்டனர்.
• 2023ஆம் ஆண்டில் வெளியான நெப்ராசுகா பல்கலைக்கழக ஆய்வு, நுண்ணலை அடுப்பில் மூன்று நிமிடம் வைக்கப்பட்ட சில கலன்களின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 42 இலட்சம் வரை நுண்நெகிழிகளும் 211 கோடி வரை மீநுண்நெகிழிகளும் வெளியேறலாம் எனக் கூறியது.

எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும் இத்துகள்கள் மிகச் சிறியவை. இவற்றின் மொத்த எடை மிகக் குறைவு. எண்ணும் முறைகளும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. எனவே ஓர் ஆய்வின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடுவது பொருத்தமன்று.

உறையவைத்தல்

நெகிழிப் புட்டியில் நீரை உறையவைத்தால் டையாக்சின் என்னும் நஞ்சு வெளியாகிப் புற்றுநோய் உண்டாகும் என்னும் செய்தி 2000களின் தொடக்கத்திலிருந்து மின்னஞ்சல் வழியாகவும், பின்னர் கைப்பேசிச் செய்திகள் வழியாகவும் பரவி வந்துள்ளது. அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தின் பெயர் இதில் சேர்க்கப்பட்டிருந்தது. அப்பல்கலைக்கழகம் இதனைத் தான் வெளியிடவில்லை என மறுத்தது.

டையாக்சின்கள் குளோரின் கொண்ட பொருட்கள் உயர் வெப்பத்தில் எரியும்போது உருவாகுபவை. உறைவிப்பானில் அதற்கான சூழல் இல்லை. குளிர்ச்சியில் மூலக்கூறுகளின் நகர்வு மந்தமாகிறது. ஆகவே இடம்பெயர்வும் குறைகிறது. குளிர்நிலையில் மாதக்கணக்கில் வைக்கப்படும் கலன்களும் துகள்களை உதிர்க்கின்றன என மேற்கூறிய நெப்ராசுகா ஆய்வு காட்டியுள்ளது. எனினும் குறுகிய காலத்தில் நுண்ணலை அடுப்பில் சூடாக்கும்போதே மிகுதியாக உதிர்ந்தன.

உறையவைத்தலில் நடைமுறைச் சிக்கல்கள் இரண்டு உள்ளன. முதலாவது, சில நெகிழிகள் குளிரில் நொறுங்கும் தன்மை அடைந்து விரிசல் விடுகின்றன. இரண்டாவது, உறைந்த மாவோ குழம்போ அதே பெட்டியோடு நுண்ணலை அடுப்பிலோ கொதிநீரிலோ வைக்கப்படுகிறது. இங்குத் தீங்குக்கு வாய்ப்பளிப்பது உறைதல் அன்று. அதைத் தொடரும் சூடாக்கலே.

நெகிழியை எரித்தல் இதிலிருந்து வேறானது. பயன்படுத்திய பைகளைத் தெருவில் குவித்து எரிக்கும்போது, அவற்றுள் பாலிவினைல் குளோரைடு கலந்திருந்தால், டையாக்சின்கள் உருவாகக்கூடும். குளிர்பதனப் பெட்டியைக் குறித்து அஞ்சுவோர் உண்மையில் அஞ்ச வேண்டியது இப்புகைக்கே.

உடல்நல விளைவுகள்

சூடான உணவை நெகிழிப் பையில் வாங்கி உண்ட ஒருவருக்கு அதனாலேயே ஒரு குறிப்பிட்ட நோய் வந்தது என்று காட்டுவது கடினம். ஒவ்வொருவரும் உணவு, நீர், காற்று, துணி எனப் பல வழிகளில் நெகிழிப் பொருட்களை எதிர்கொள்கின்றனர். கலக்கும் அளவு சிறியது. விளைவுகள் தோன்றுமாயின் அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். எனவே 'பையில் தேநீர் குடித்தால் புற்றுநோய் உறுதி' என்னும் கூற்றும், 'எதுவும் ஆகாது' என்னும் கூற்றும் சான்றுகளை மீறியவையே.

பிஸ்பீனால் ஏ பற்றிய அறிவியல் கருத்து மாறிவந்துள்ளது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ஆம் ஆண்டில் ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை ஏற்கலாம் எனக் கூறியிருந்தது. 2023ஆம் ஆண்டில் நோய் எதிர்ப்பு அமைப்பின் மீதான விளைவுகளைக் கருத்தில் கொண்டு இதனை 0.2 நானோகிராம் ஆக, அதாவது 20,000 மடங்கு குறைத்தது. செருமானிய இடர் மதிப்பீட்டு நிறுவனம் இக்குறைப்பை ஏற்காமல் 200 நானோகிராம் என்னும் அளவைப் பரிந்துரைத்தது. ஒரே சான்றுகளை நோக்கும் அறிவியல் அமைப்புகளே ஆயிரம் மடங்கு வேறுபடுவது, இத்துறையின் நிலையை உணர்த்துகிறது.

2024ஆம் ஆண்டில் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், கழுத்துத் தமனி அடைப்புக்காக அறுவை மருத்துவம் செய்துகொண்ட 257 பேர் கண்காணிக்கப்பட்டனர். அவர்களுள் 150 பேரின் தமனிப் படிவில் பாலிஎத்திலீன் துகள்கள் காணப்பட்டன. நெகிழித் துகள்கள் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவை கூடுதலாக நேர்ந்தன. இவ்வாய்வு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, நெகிழியே காரணம் என நிறுவவில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, நுண்நெகிழிகளின் தீங்கை மதிப்பிடச் சான்றுகள் போதாது என்றும், நெகிழித் தொடர்பைக் குறைப்பது நல்லது என்றும் கூறியது.

கருவில் வளரும் சிசுக்களும் சிறு குழந்தைகளும் இயக்குநீர் மாற்றங்களுக்கு எளிதில் ஆட்படக்கூடியவர்கள். உடல் எடையோடு ஒப்பிடுகையில் குழந்தைகள் உண்ணும் அளவும் கூடுதல். எனவே பெரும்பாலான நாடுகளின் விதிகள் குழந்தைகளின் பால் புட்டியிலிருந்தே தொடங்குகின்றன.

சட்டங்களும் தரங்களும்

இந்திய விதிகள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதிய விதிமுறைகள் 2019 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி நெகிழியிலிருந்து உணவில் கலக்கும் பொருட்களின் மொத்த அளவு ஒரு கிலோகிராமுக்கு 60 மில்லிகிராம் அல்லது ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம் என்னும் வரம்பைத் தாண்டக்கூடாது. நிறம் கண்ணுக்குத் தெரியும்படி கலக்கவும் கூடாது. உணவை அச்சிட்ட செய்தித்தாளில் கட்டுவதையும் இவ்விதிகள் தடை செய்கின்றன. குழந்தைகளின் பால் புட்டிக்கான இந்தியத் தரம் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பாலிகார்பனேட்டை ஏற்பதில்லை.

தரத்திற்கு உட்பட்ட கலன் என்பது, குறிப்பிட்ட சூட்டிலும் நேரத்திலும் சோதிக்கப்பட்டு வரம்புக்குள் இருந்தது என்றே பொருள்படும். குளிர்ந்த உணவுக்காகச் சோதிக்கப்பட்ட பையில் கொதிக்கும் குழம்பை ஊற்றினால் அச்சோதனை பொருந்தாது.

தமிழ்நாட்டுத் தடை

ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்குத் தடை விதிக்கப்படும் என அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி 2018 சூன் 5 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். அதே மாதம் 25ஆம் நாள் அரசாணை வெளியிடப்பட்டது. 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களுள் பெரும்பாலானவை உணவோடு தொடர்புடையவை: உணவு கட்டும் நெகிழித் தாள், உண்ணும் மேசையில் விரிக்கும் தாள், தெர்மாக்கோல் தட்டும் குவளையும், நெகிழி பூசிய தாள் தட்டும் குவளையும், நெகிழித் தேநீர்க் குவளை, நீர்ப் பொட்டலம், உறிஞ்சு குழல் முதலியன. பைகளின் தடிமன் எதுவாயினும் தடை பொருந்தும்.

இத்தடை சுற்றுச்சூழல் காரணங்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. இருப்பினும் சூடான உணவும் நெகிழியும் சேரும் இடங்கள் பலவும் இப்பட்டியலில் அடங்கிவிட்டன. 2021 டிசம்பர் 23 அன்று அப்போதைய முதலமைச்சர் மு. க. இசுடாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். துணிப்பை காய்கறிக்கும் மளிகைக்கும் மாற்றாகும். சாம்பாருக்கும் தேநீருக்கும் அது மாற்றாகாது. நீர்ம உணவுக்கு மலிவான மாற்று இல்லாமையே, தடைக்குப் பின்னும் சிறு கடைகளில் பைகள் தொடர்வதற்கான காரணங்களுள் ஒன்று.

பிற இடங்களில்

2025 பிப்ரவரியில் கர்நாடகத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் மேற்கொண்ட ஆய்வில், 50க்கும் மேற்பட்ட இடங்களில் இட்லித் தட்டின் மீது துணிக்குப் பதிலாக நெகிழித் தாளை விரித்து ஆவியில் வேகவைப்பது கண்டறியப்பட்டது. இதனைத் தொடர்ந்து அம்மாநில அரசு உணவகங்களில் இவ்வழக்கத்தைத் தடை செய்யும் நடவடிக்கையை மேற்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் குழந்தைகளின் பால் புட்டிகளில் பிஸ்பீனால் ஏ பயன்பாட்டைத் தடை செய்தது. 2024 டிசம்பரில் இத்தடையை உணவைத் தொடும் பிற பொருட்களுக்கும் விரிவாக்கியது.

மாற்றுகளும் அவற்றின் வரம்புகளும்

• எவர்சில்வர்: சூடு, எண்ணெய், புளிப்பு ஆகிய மூன்றையும் தாங்கும். பலமுறை பயன்படுத்தலாம். நுண்ணலை அடுப்பில் வைக்கக்கூடாது.
• கண்ணாடி, பீங்கான்: சூடாக்க ஏற்றவை. உறைநிலையிலிருந்து திடீரென வெப்பத்துக்கு மாற்றினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும்.
• அலுமினியம்: புளியும் உப்பும் உள்ள உணவை நீண்டநேரம் வைத்தால் உலோகம் சிறிதளவு கரையும்.
• பித்தளை: உட்புறம் வெள்ளீயப் பூச்சு இல்லாத பாத்திரத்தில் புளிப்பு உணவை வைக்கக்கூடாது. பூச்சில் காரீயம் கலந்திருந்தால் அதுவும் நஞ்சே.
• வாழை இலை, மந்தாரை இலை: சூடான திட உணவுக்கு ஏற்றவை, நீர்ம உணவுக்குப் போதா.
• பாக்குமட்டைத் தட்டு: மட்கக்கூடியது. ஆயினும் பாக்கு மரத்தின் இயற்கை வேதிப்பொருட்கள் உணவில் கலக்கக்கூடும் எனக் கூறி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2025ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது.
• தாள் குவளை: தாளாகத் தோன்றினாலும் உட்புறம் பெரும்பாலும் பாலிஎத்திலீன் பூச்சு உண்டு.

நடைமுறைப் பரிந்துரைகள்

உடல்நல அமைப்புகளும் ஆய்வாளர்களும் பொதுவாகக் கூறும் அறிவுரைகளைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கேற்பப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. சாம்பார், ரசம், தேநீர் முதலியவற்றைச் சூடாக வாங்குகையில் எவர்சில்வர் தூக்கு அல்லது வெப்பக்குடுவை கொண்டு செல்லுதல். பணியிடத்தில் பலருக்கும் சேர்த்து ஒரே தூக்கில் வாங்கலாம்.
2. பையில்தான் வாங்க நேர்ந்தால் வீடு வந்தவுடன் பாத்திரத்திற்கு மாற்றுதல். தொடர்பு நேரம் குறைந்தால் கலப்பும் குறையும்.
3. பையோடு கொதிநீரில் இட்டு உணவைச் சூடாக்காதிருத்தல்.
4. நுண்ணலை அடுப்பில் கண்ணாடி அல்லது பீங்கான் கலனைப் பயன்படுத்துதல். 'நுண்ணலை அடுப்புக்கு ஏற்றது' என்னும் குறி, கலன் உருகாது, உருக்குலையாது என்பதையே முதன்மையாகக் குறிக்கும்.
5. உறையவைத்த உணவை நெகிழியிலிருந்து எடுத்த பின்னரே சூடாக்குதல்.
6. குழந்தைகளின் பாலைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் ஆற்றி, வெதுவெதுப்பான பின் புட்டியில் ஊற்றுதல்.
7. கீறல் விழுந்த, வெளுத்துப்போன பெட்டிகளில் பருப்பு, உப்பு போன்ற உலர்ந்த பொருட்களை மட்டும் வைத்தல்.
8. கறுப்பு நிறப் பைகளில் உணவை நேரடியாக வைக்காதிருத்தல். இவை பெரும்பாலும் மூலம் அறியப்படாத மறுசுழற்சி நெகிழியால் ஆனவை.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் புதிய கருவியோ கூடுதல் செலவோ தேவையில்லை. முந்தைய தலைமுறையினர் கடைக்குக் கொண்டு சென்ற தூக்கு இன்றும் பல வீடுகளின் பரணில் உள்ளது.

இவற்றையும் பார்க்க

• நெகிழி
• நுண்நெகிழி
• பிஸ்பீனால் ஏ
• நுண்ணலை அடுப்பு
• நாளமில்லாச் சுரப்பி
• மீண்டும் மஞ்சப்பை
• ஆரணி